அண்டா

கப்பல் வருவதை இங்கே யாரும்
கடலைப் பார்த்துச் சொல்வதில்லை.
எண்ணூர் விரைவுச் சாலையில்
டிரெய்லர்கள் நிற்கத் தொடங்கினால் வந்துவிட்டது.
இன்றைக்கு வரிசையின் வால்
எர்ணாவூர் பாலத்தின் மேல் கிடக்கிறது.

நான் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கெழுதுகிறவன்.
பதினொரு வண்டி; ஒன்பது கடனில்.
என் தாளில் டீசலுக்கு ஒரு கட்டம்,
டயருக்கு, டிரைவர் பேட்டாவுக்கு,
இதர செலவு என்ற பெயரில் போலீசுக்கு.
காத்திருப்புக்கும் ஒன்று உண்டு.
அதில் மணி எழுதலாம், ரூபாய் எழுத முடியாது.
அந்த பில்லை வாங்க எந்த கம்பெனியிலும் ஆளில்லை.

போன வருஷம் வரை வாரத்துக்கு மூன்று கப்பல்.
மூன்றின் சரக்கையும் இப்போது ஒன்றே சுமந்து
வியாழக்கிழமை வருகிறது.
ஒரே எஞ்சின், ஒரே மாலுமிக் கூட்டம்.
ஏஜென்சி அனுப்பிய வண்ணப்படத்தில்
பெட்டி ஒன்றுக்கு ஆகும் செலவு
வழுக்குமரத்தில் இறங்குவதுபோல் இறங்குகிறது.
இறங்கிய காசு எந்தக் கரையில் யார் தலையில் விழுந்தது,
அது அந்தப் படத்துக்கு வெளியே.

உலகத்திலேயே பெரிய கப்பல் இல்லை இது.
அவை கொழும்போடு சரி, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.
அண்ணனுக்குப் புதுச்சட்டை எடுத்தால்
பழையது தம்பிக்கு.
அங்கே இதைவிடப் பெரியது மிதந்ததால்
இது நமக்கு.
சட்டை தொளதொளத்தால் பிடித்துத் தைப்பதுதான் வழக்கம்;
இங்கே தம்பியின் தோளை இழுத்து நீட்டுகிறார்கள்.
கடலின் அடியைத் தோண்டு.
கிரேனின் கை இன்னும் நான்கு வரிசை எட்டட்டும்.
தோண்டிய பள்ளத்தில் ராத்திரியெல்லாம்
கடல் மண்ணைத் திருப்பிப் போடுகிறது,
டெண்டர் எதுவும் எடுக்காமல்.

தேசப்பன் போன் பண்ணினான்:
"சார், இன்னும் கே.வி.கே. குப்பம் தாண்டல.
காலைல பல்லு வெளக்கின எடத்துலயே
மத்தியானம் சோறு துன்னேன்."
பதினேழு என்று கட்டத்தில் எழுதினேன்.
பின்வண்டி ஹாரன் அடித்தால் விழிப்பான்,
மூன்று வண்டி நீளம் நகர்வான்,
மறுபடி ஸ்டீயரிங் மேல் நெற்றி.

குப்பத்து முனையில் டீ விற்கும் அமலோற்பவம்
போனில் கப்பல் பார்க்கிறாள்.
வங்காள விரிகுடாவில் ஒரு பச்சை அம்பு.
அது இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான்
பாலுக்குச் சொல்வது.
போன மாதம் தவணையில் ஓர் அண்டா வாங்கினாள்,
நாற்பது லிட்டர்.
"சின்னதுல மூணு வாட்டி போட்டா மூணு வாட்டி கேஸு.
இதுல ஒரே கொதி.
டீக்கு ஒண்ணேகா ரூபா மிச்சம் நிக்குது."
அதே வழுக்குமரம். சிரித்துவிட்டேன்.
"அப்போ லாபம்தானே?"
"கும்பல் நின்னா லாபம்.
சனி, ஞாயிறு, திங்கள் ஒரு ஈ காக்கா இல்ல.
அண்டா சும்மா கீதுன்னு
தவணைக்காரன் சும்மா இருப்பானா?"

அடுத்த வியாழன்
பச்சை அம்பு எங்கள் கரைக்கு நேராக வந்தது.
ஒரு மணி நேரம் அசையவில்லை.
பிறகு மூக்கைத் திருப்பி
வடக்கே போய்க்கொண்டே இருந்தது.
இந்த வாரம் இங்கே சரக்கு போதாதாம்.
பெரிய வயிறு, அரைகுறையாக உண்டால் கட்டுபடியாகாது.
மெயில் இரண்டே வரி, வருத்தம் தெரிவித்து.

சாலை அத்தனை அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது.
தேசப்பன் ஷெட்டில் வண்டிக்கடியில் தூங்கினான்,
பேட்டா இல்லாத தூக்கம்.
அமலோற்பவம் கரண்டியை விட்டுப் பார்த்தாள்.
திரிந்துவிட்டது.

ஆபீசுக்கு வந்து
காத்திருப்புக் கட்டத்தில்
பால், நாற்பது லிட்டர் என்று எழுதினேன்.
யாருக்கு அனுப்ப வேண்டும் என்று
தாளின் தலையில் ஒரு கோடு
காலியாக இருக்கிறது.